காலி டிஸ்க்கு

அய்யப்பன் டி.வி.யைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்து, அதன் முதுகில் ஹார்டு டிஸ்க்கின் ஒயரை மூன்றாவது தடவையாகப் பிடுங்கிச் செருகினார். திரையில் மூன்றாவது தடவையும் அதே வரிதான் வந்தது. இந்தச் சாதனத்தைப் படிக்க இயலவில்லை. கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள், இதுவும் துக்க வீட்டுச் சடங்குகளில் ஒன்று போலிருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யப்பனின் அப்பா வீரமுத்து இறந்து அன்றோடு பன்னிரண்டு நாள். மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆண்டாள் காலையிலிருந்து ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவரு கொரல ஒரு தபா கேட்டா போதும்டா. மொகத்தக் கூட காட்ட வேணாம்."

இரண்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த படம் அது. கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலை ரோட்டில் பாதி மலை ஏறிப் பிரிந்தால் அவர்களுடைய குலசாமி கோயில். சின்ன மருமகள் தேவிப்ரியாவின் மகனுக்குக் காது குத்த வேன் பிடித்துப் போனார்கள். அதற்கு முன்பே வீரமுத்துவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தது. வண்டி நிற்கிற இடத்திலிருந்து கோயிலுக்கு அறுபது படிக்கு மேல். அவரை வேனடியிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடலாமா என்று மகன்கள் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருடமாக அவர் நிலத்தில் வேலை செய்யும் முனியன் குனிந்து முதுகைக் காட்டினார். பேரனின் காது குத்தை வீரமுத்து கண்ணால் பார்த்தது அந்த முதுகின் தயவால்தான்.

அதைப் படம் பிடித்தவன் முனியனின் மகன் ஆகாஷ். சென்னையில் வீடியோ படிப்பு படித்துவிட்டு வந்து, பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி சுற்று வட்டாரத்தில் கல்யாண வேலை செய்துகொண்டிருந்தான். அய்யா வீட்டுக் காரியம் என்று கூலிப் பேச்சே எடுக்கவில்லை. டிஸ்க்கு மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்றான். அய்யப்பன் பெட்டி பிரிக்காத புது டிஸ்க்கு வாங்கிக் கொடுத்தார். பத்தே நாளில் அவன் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தும்விட்டான். வாங்கி பீரோவில் வைத்ததோடு சரி, யாரும் போட்டுப் பார்க்கவில்லை. கரும்பு வெட்டு நேரம், யாருக்கு ஒழிகிறது. பிறகு ஒரு நாள் வீரமுத்து படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் வாசலில் வைக்க ஒரு படம் தேடினார்கள். ஆதார் அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் முகத்தை விட்டால் அந்த மனிதருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு படம் இல்லை. எல்லார் செல்போனிலும் காது குத்திக்கொண்டு அழும் பிள்ளைதான் இருந்தான்.

டி.வி. கைவிட்டதும் எல்லார் கண்ணும் தேவிப்ரியா பக்கம் திரும்பியது. திரும்பாமல் எப்படி. அவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்தப் படிப்புக்கு வேலை என்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் பட்டா சிட்டா எடுப்பது, பரீட்சை ரிசல்ட் பார்ப்பது, ஆதாரில் பேர் திருத்துவது எல்லாம் அவள் கையால்தான். புருஷன் சரத்குமார் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்க, மாமியார் வீட்டில் அவளுக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. அய்யப்பன் மனைவி, மூத்த மருமகள் செந்தமிழ்ச்செல்வி விடிந்தால் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுவாள். தேவிப்ரியா அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. "அது கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு" என்று ஆண்டாள் ஒரு தடவை சொன்னதோடு அந்த விஷயம் முடிந்துபோயிருந்தது. செந்தமிழ்ச்செல்வி அதை ஏற்றுக்கொண்டாளா என்பது வேறு கதை.

பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். திறந்தாள், டிஸ்க்கைச் செருகினாள். சிறிது நேரம் கழித்து ஒரு சின்னக் கட்டம் வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று அது கேட்டது.

"இன்னா சொல்லுது?" என்றார் அய்யப்பன்.

"ஃபார்மேட் பண்ணணுமான்னு கேக்குது மாமா."

"அப்பிடின்னா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் அந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லிப் பழக அவளுக்கு மனம் வரவில்லை. கல்லூரி லேபில் புது டிஸ்க்கு வந்தபோது இதே கட்டம் வந்தது ஞாபகத்தில் தட்டியது. அதையே பிடித்துக்கொண்டாள்.

"புது டிஸ்க்குக்குத்தான் மாமா இப்பிடிக் கேக்கும். கடையில வாங்கனது அப்பிடியே இருக்குது. இதுல அவன் ஒண்ணுமே ஏத்தல. காலி டிஸ்க்கு."

சொன்னபோது அவள் குரல் ஒரு டீச்சரின் குரல் போலத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் கூசினாள்.

முனியனுக்கு ஆள் போனது. அவர் வந்து வாசலில் நின்றார். தோளில் இருந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அய்யப்பன் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"இன்னா முனியா, உம் மவன் படத்த எடுத்துட்டேன் எடுத்துட்டேன்னு சொல்லிக்கினு காலி டிஸ்க்கக் குடுத்துட்டுப் போயிருக்கான்? சாவு வூட்டுல வெளாடுறானா?"

"எம் புள்ள அப்பிடியாப்பட்டவன் இல்லீங்கய்யா. நானே பாத்தேன். மூணு நாளு குந்திக்கினு அந்த மிசின்ல ஏத்திக்கினு இருந்தான்."

"அப்ப எங்க வூட்டுப் பொண்ணு பொய் சொல்லுதா?"

முனியன் தேவிப்ரியாவைப் பார்த்தார். அவள் பொய் சொல்வாள் என்று அவர் முகம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது. மகன் பொய் சொல்வான் என்றும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. மடியிலிருந்து செல்போனை எடுத்து, நம்பர் போடச் சொல்லி நீட்டினார். வாங்கிப் போட்டவள் தேவிப்ரியாதான். ஆகாஷ் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தான். பின்னால் மேளச் சத்தம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் சொன்னது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"அக்கா, அது என் ஆப்பிள் மிசின்ல, மேக்குல போட்டதுங்கக்கா. புது டிஸ்க்கா இருந்தப்ப என் மிசின்ல இருந்து அதுல எழுத முடியல. அதான் மேக்குக்கு ஏத்த மாதிரி மாத்திட்டு ஏத்துனேன். உங்க விண்டோசுக்கு அதப் படிக்கத் தெரியாது. ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், ஓகே மட்டும் குடுத்துராதீங்க, எல்லாம் அழிஞ்சிரும். நாளன்னிக்கி நானே வந்து மாத்திக் குடுத்துடுறேன்."

அவன் பாதி சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டாம் வருடப் புத்தகம், நோட்டில் எழுதிய கோடு போட்ட அட்டவணை, எந்த சிஸ்டம் எதைப் படிக்கும் எதைப் படிக்காது என்ற ஐந்து மார்க் கேள்வி, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

"இன்னா சொல்றான்?" என்றார் அய்யப்பன்.

"டிஸ்க்குல இருக்குதாம். நம்ம லேப்டாப்புல தெரியாதாம். அவன் கம்ப்யூட்டர்லதான் தெரியுமாம்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். வீரமுத்துவின் தங்கை ரங்கம்மாள், "இதென்னடா கூத்து, அவன் வூட்டு டி.வி.ல வர்ற படம் நம்ம வூட்டுல வராதாமா?" என்றாள். செந்தமிழ்ச்செல்வி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கேலியா கேள்வியா என்று தெரியாத குரலில் கேட்டாள்.

"ஏன் தேவி, உன் படிப்புல அப்பிடி ஒண்ணு இருக்குதா?"

போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது. அந்தப் பக்கம் ஆகாஷும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். 'சொல்லுங்கக்கா' என்பதுபோல அவன் மூச்சு விடுவது கேட்டது. இருக்கிறது என்றால், அப்புறம் ஏன் காலி டிஸ்க்கு என்றாய் என்று கேட்பார்கள். மாமியார் பார்ப்பாள். செந்தமிழ்ச்செல்வி ஒன்றும் சொல்ல மாட்டாள், மறுநாள் காலையில் சாணிக் கூடையை அவள் பக்கம் நகர்த்தி வைப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த அவ்வளவுக்குத்தான் அவள் பயந்தாள்.

"இல்ல" என்றாள்.

அய்யப்பன் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கத்திவிட்டு வைத்தார். காரியம் முடிகிற வரைக்கும் இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று முனியனிடம் சொன்னார். முனியன் கூடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே, ஆகாஷின் படத்தைப் போட்டு, இவன் ஏமாற்றுக்காரன், யாரும் வேலை கொடுக்காதீர்கள் என்று அய்யப்பனின் செல்போனிலிருந்து தியாகதுருகம் வட்டாரத்து வாட்ஸ்அப் குரூப்புகள் எல்லாவற்றுக்கும் சேதி போனது. எழுத்துப்பிழை இல்லாமல் டைப் செய்து கொடுக்கச் சொல்லி அவர் தேவிப்ரியாவிடம்தான் போனை நீட்டினார். அவள் தலைவலி என்று உள்ளே போய்விட்டாள். அதை ஒரு நேர்மை என்று அவளால் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகாஷ் அவள் நம்பருக்கு ஏழு தடவை கூப்பிட்டான். ஏழு தடவையும் போன் கட்டிலில் அதிர்ந்து அதிர்ந்து அடங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டாவது தடவை அவன் கூப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் பால் கறக்க வந்தவள் செந்தமிழ்ச்செல்வியிடம் சேதி சொல்லிக்கொண்டிருந்தது கொல்லையிலிருந்து கேட்டது. ஆகாஷ் சேலத்திலிருந்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டானாம். நேரே இங்கே வந்து விளக்கம் சொல்வேன் என்றானாம். முனியன் மகனைத் தெருவில் வைத்து அறைந்தாராம். வளர்ந்த பிள்ளை, இருபத்து மூன்று வயது. அவன் அம்மா ஆயம்மாள் குறுக்கே விழுந்து தடுத்தாளாம். இரண்டு கல்யாணப் பார்ட்டிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "ஒரு வெரலால தட்டுனா ஊரு பூரா போயிடுது பாரு" என்று பால்காரி செல்போனைத்தான் குறை சொன்னாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த தேவிப்ரியாவுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு எழுந்தாள்.

பதினாலாம் நாள் மத்தியானம் வீட்டில் சந்தடி குறைந்திருந்தது. அய்யப்பன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடுடன் போயிருந்தார். ஆண்டாள் கண் அயர்ந்திருந்தாள். தேவிப்ரியா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். யாரிடமாவது ஆப்பிள் கம்ப்யூட்டர் இருந்தால் டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம், கள்ளக்குறிச்சியில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று தேடத்தான் திறந்தாள். கறுப்புத் திரையில் வழக்கம்போல இரண்டு வரிகள் வந்தன. மேல் வரி பாஸ் லினக்ஸ், கீழ் வரி விண்டோஸ், ஒரே லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம். அந்த லேப்டாப்புகள் எல்லாமே அப்படித்தான் வந்தன. மற்ற பிள்ளைகள் வாங்கிய வாரமே கடையில் கொடுத்து மேல் வரியை அழித்துவிட்டார்கள். இவள் அழிக்கவில்லை, அவ்வளவுதான். திறந்த கையோடு கீழ் அம்பை ஒரு தட்டு தட்டி விண்டோஸுக்குப் போவது அவள் விரலுக்குப் பழகிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கட்டாயப்படுத்திய நாலு நாளைத் தவிர அந்த மேல் வரிக்குள் அவள் போனதே இல்லை.

விரல் அம்பின் மேல் போனது. அட்டவணையில் இருந்த இன்னொரு கட்டம் அப்போது ஞாபகம் வந்தது. லினக்ஸ், மேக் டிஸ்க்கைப் படிக்கும். எழுதாது, படிக்கும். அவள் விரலை எடுத்துவிட்டாள். பத்து எண்ணி முடித்ததும் திரை தானாக மேல் வரிக்குள் போனது. பழைய நீலத் திரை வந்தது. டிஸ்க்கைச் செருகினாள்.

ஒரு கேள்வியும் கேட்காமல் அது திறந்துகொண்டது. உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். 'வீரமுத்து அய்யா மலைக்கோயில்' என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தான். போட்டோ தனியாக, வீடியோ தனியாக, 'பாட்டு போட்டது', 'பாட்டு இல்லாதது, அய்யா பேசுவது மட்டும்' என்று பிரித்து அடுக்கியிருந்தான். மூன்று நாள் உட்கார்ந்து செய்த வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்டுபிடித்துவிட்டோமே என்ற சின்னப் பிள்ளைச் சந்தோஷம். அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. முதல் வீடியோவைத் தட்டியதும் அறுபது படியும் வந்தது. முனியன் குனிந்து ஏறுகிறார். முதுகில் வீரமுத்து. ஒரு கால் உணர்வில்லாமல் ஆடுகிறது.

"முனியா... மெள்ள போடா. உனுக்கு மூச்சி வாங்குது பாரு" என்று குழறுகிறார் மாமனார்.

"நீங்க கம்முனு குந்திக்கினு வாங்கய்யா. நெல்லு மூட்டய விட நீங்க கம்மிதான்."

வீரமுத்து சிரித்தார். கோணிய வாயோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஆகாஷின் குரல் வந்தது. "யப்பா, அப்பிடியே கொஞ்சம் திரும்பு. அய்யா மொகம் வெளிச்சத்துல வரட்டும்." முனியன் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினார். மாமனார் முகம் வெயிலில் வந்தது, முனியன் முகம் நிழலுக்குப் போனது. அடுத்தடுத்த வீடியோக்களிலும் அப்படியேதான் இருந்தது. முதுகு இருந்தது, தோள் இருந்தது, வேர்த்த கழுத்து இருந்தது. முனியன் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை.

தேவிப்ரியா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மாமனாருக்காக அழுதால் அந்த வீட்டில் யாரும் தப்பு சொல்லப் போவதில்லை. சத்தமாகவே அழுதிருக்கலாம். ஆனால் அது அவருக்கான அழுகை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கூசிப்போயிருந்தாள். தன் உடம்பைத் தானே எங்காவது கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடலாம் போல இருந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படங்களைப் பென் டிரைவுக்கு ஏற்றினாள். பெரிய வீடியோ மட்டும் ஏறவில்லை. நாலு ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைலாக இருந்தால் அந்த மாதிரிப் பென் டிரைவ் வாங்கிக்கொள்ளாது. அது அவளுக்கு உடனே தெரிந்தது. இதெல்லாம் நன்றாகத் தெரிகிறது, அன்றைக்கு மட்டும் எங்கே போனது என்று நினைத்தாள். எங்கும் போகவில்லை, அன்றைக்கும் இருந்தது.

சாயங்காலம் டி.வி.யில் போட்டாள். வீரமுத்துவின் சிரிப்புச் சத்தம் கூடத்தில் கேட்டதும் ஆண்டாள் எழுந்து நின்றுவிட்டாள். ஓடிப்போய் டி.வி.யின் கண்ணாடியை இரண்டு கையாலும் தொட்டுத் தடவிக்கொண்டு, "சிரிக்கிறாரே, சிரிக்கிறாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். லோடு இறக்கிவிட்டு வந்த அய்யப்பன் கால்கூடக் கழுவாமல் வாசற்படியில் நின்று பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பாத்தியா? போட்ட போடுல பயந்துக்கினு கொண்டாந்து குடுத்துட்டான். இத மொதல்லியே செஞ்சிருக்கலாம்ல நாயி."

தேவிப்ரியா வாயைத் திறந்தாள். மாமியார் டி.வி.யைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். இப்போது வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுப்படியில் ஆண்டாள் தனியாகக் கிடைத்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். டிஸ்க்கு காலி இல்லை, ஆகாஷ் சொன்னது சரி, தெரிந்தே நான் இல்லை என்றேன். ஆண்டாள் திட்டவில்லை. மருமகள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலாம் போலிருந்தது.

"வேற யாருகிட்டனா சொன்னியா?"

"இல்ல அத்த."

"சொல்லாத. நாளன்னிக்கிக் காரியம். ஒறவு மொற அம்புட்டும் வருது. எம் மருமவ பொய் சொன்னான்னு பேசிக்கினு போவணுமா? பெரியவன் வேற குதிப்பான். முனியனுக்கு நான் சொல்லி அனுப்புறேன்."

"இன்னான்னு அத்த?"

"மன்னிச்சிட்டோம், காரியத்துக்கு வந்துடுன்னு."

மன்னித்துவிட்டோம். யார், யாரை? தேவிப்ரியாவுக்குக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் ஆண்டாள் அதற்குள் பருப்பைக் கடையத் தொடங்கியிருந்தாள். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது என்று ஒரு நிம்மதி வேறு தேவிப்ரியாவின் மனசில் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் அவளுக்கு அவளையே பிடிக்காமல் போனது.

பதினாறாம் நாள் காலையில் சரத்குமாரும் வந்துவிட்டிருந்தான். பந்தல் வாசலில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். சிரிக்கும் வீரமுத்து. கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் சுற்றியிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு மேகம் போட்டிருந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் படம் நல்லா இருக்கு, யார் எடுத்தது என்று கேட்டார்கள். படையல் முடிந்து, முதல் பந்தி முடிந்து, இரண்டாம் பந்தியும் எழுந்த பிறகு முனியன் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் ஆகாஷ். கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்ததா, இல்லை அவளுக்குத்தான் அப்படித் தெரிந்ததா, தெரியவில்லை.

"அய்யா பெரிய மனசு பண்ணி வரச் சொன்னாங்க. கேளுடா மன்னிப்பு" என்று முனியன் மகனின் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

அய்யப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே, "சரி வுடு முனியா, சின்னப் பையன்" என்றார். மன்னிக்கிறவரின் முகம் அவருக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. ஆகாஷ் அவரைப் பார்க்கவில்லை. பந்தலுக்குள் சோற்று வாளியோடு நின்றிருந்த தேவிப்ரியாவைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். போனில் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தானே, அதே காத்திருப்புதான் அந்தக் கண்ணிலும் இருந்தது. பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க" என்றான்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவன் எந்தத் தப்பும் பண்ணல" என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. பந்தலில் பேச்சு நின்றது. "டிஸ்க்குல எல்லாம் இருந்துச்சி. என் லேப்டாப்புலயே பாக்க வழி இருந்துச்சி, எனக்குத்தான் தெரியல. போன்ல அவன் சரியாத்தான் சொன்னான். எனக்குப் புரிஞ்சிது. புரிஞ்சிக்கினுதான் இல்லன்னு பொய் சொன்னேன். மன்னிப்பு நாந்தான் கேக்கணும்."

சரத்குமார் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றான். செந்தமிழ்ச்செல்வி கையிலிருந்த அப்பளத் தட்டு அப்படியே நின்றது. ஆனால் எல்லாரையும் முந்திக்கொண்டு பதறியவர் முனியன்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு முன்னால் ஓடி வந்தார்.

"அய்யய்யோ, இன்னாம்மா இது! நீங்க போயி பொய் சொல்லுவீங்களா? பையன் மொகத்தப் பாத்து மனசு எளகி சொல்றீங்க. வேணாம்மா. நாலு பேரு இருக்கிற எடத்துல உங்க வாயால அப்பிடி வரக் கூடாது. தப்பு எங்க பக்கந்தாம்மா. எம் பையந்தாம்மா."

பந்தலில் நின்றுபோன மூச்சு திரும்ப வந்தது. அந்தப் பேச்சுக்காகவே காத்திருந்ததுபோல எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாருடி" என்றாள் ரங்கம்மாள், பக்கத்து ஊர்க்காரியின் தொடையில் தட்டி. "அவன் தப்ப இது தன் தலையில தூக்கிப் போட்டுக்குது பாரு. படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்."

"எங்கண்ணன் குடுத்து வச்சவரு" என்றார் இன்னொருவர். அய்யப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, எலையப் போடுங்க, நேரம் ஆவுது" என்றார். தேவிப்ரியா இல்லை, இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் மனசு இன்னும் பெரிதாகிக்கொண்டே போனது, அவர்கள் கணக்கில். முனியன் கூப்பிய கையை இறக்கவே இல்லை. அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார் என்று அவளுக்குப் புரிந்தது.

கடைசிப் பந்தி உட்கார்ந்தது. முனியன் மகனை இழுத்துக்கொண்டுபோய் ஓரத்தில் உட்கார்ந்தார். செந்தமிழ்ச்செல்வி கீழே இருந்த வாளியை எடுத்துக் கொடுத்தாள். தேவிப்ரியா வரிசையாகச் சோறு போட்டுக்கொண்டே வந்தாள். முனியன் இலையில் போட்டபோது, "போதும்மா, போதும்மா, நல்லா இரும்மா" என்றார். ஒரு கரண்டி கூடவே போட்டாள்.

அடுத்த இலை ஆகாஷுடையது. தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தான். உப்பும் ஊறுகாயும் ஏற்கெனவே இலையில் விழுந்திருந்தன. அவள் குனிந்தாள். அவன் வலது கையை விரித்து, இலையின் நடுவில் கவிழ்த்து வைத்திருந்தான். தலை நிமிரவில்லை. கரண்டியிலிருந்த சோற்றின் ஆவி அந்தப் புறங்கையின் மேல் போய்ப் படிந்தது.

"இன்னாம்மா, அடுத்த எலைக்கு வா, ஆறிப்போவுது பாரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

கை இலையின் மேலேயே இருந்தது. அவளும் குனிந்தபடியே, கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.